கயிறு விழுந்த கண்ணாடித் தட்டு

வேலையை விட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகும் எங்கள் படக்கடையில் வேலை செய்யும் பிள்ளைகள் என்னை விட்டபாடில்லை. கலர் பிலிம் வந்துவிட்டது. நான் செய்த வேலை இப்போது யாருக்கும் தேவைப்படுவதில்லை. ஆனாலும் ஏதாவது கேட்டுக்கொண்டு வருவார்கள். போன மாதம் இரண்டு பேர் பத்திரிகைத் துண்டொன்றோடு வந்தார்கள். காட்டில் வாழும் மிருகங்களையும் பறவைகளையும் படமெடுப்பவர்களுக்கு ஒரு போட்டி நடக்கப்போவதாக அதில் அறிவித்தல் இருந்தது.

"அன்ரி, நீங்களும் ரீச்சரும் அந்த நாளையிலை இப்பிடி ஒரு போட்டிக்குப் படம் அனுப்பினனீங்களாம். உண்மையோ?"

"ஓம்" என்றேன்.

"பரிசு கிடைச்சதோ?"

ஒரு சொல்லில் பதில் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

நான் ஊர்காவற்றுறைக்காரி. பெயர் பிலோமினா. அப்பு மீன்பிடிக்கப் போய்த் திரும்பாதபோது எனக்குப் பதினெட்டு வயது. அம்மாவையும் தம்பிமாரையும் பார்க்க வேறு ஆள் இல்லை. எனக்குப் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்த றெஜினா ரீச்சர் அப்போது படிப்பிப்பதை விட்டுவிட்டுத் துறைமுகத் தெருவில் ஒரு படக்கடையை நடத்திக்கொண்டிருந்தார். கடை அவருடைய கணவருடையது. அவர் நெருப்புக் காய்ச்சலில் இறந்துபோக, ரீச்சர் வெள்ளைச் சேலையோடு கமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். ஊர் கொஞ்ச நாள் கதைத்தது. பிறகு பெண்பிள்ளைகளைப் படமெடுக்க ஒரு பெண் இருப்பது வசதி என்று கண்டுகொண்டது. என்னைக் கூப்பிட்டு, "உம்முடைய கை நடுங்காது. எனக்குத் தெரியும். வாரும்" என்றார்.

எனக்குத் தந்த வேலை படமெடுப்பதல்ல, எடுத்ததைத் திருத்துவது. அந்தக் காலத்தில் படம் கண்ணாடித் தட்டில்தான் விழும். தட்டில் வெள்ளை கறுப்பாக இருக்கும், கறுப்பு வெறும் கண்ணாடியாக இருக்கும். சாய்வான மேசையில் தட்டை வைத்து, கீழே கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பி, கூரிய பென்சிலால் தொட்டுத் தொட்டு முகத்துச் சுருக்கத்தை மறைக்க வேண்டும். கூடுதலாகக் கறுத்திருக்கும் இடத்தைச் சின்னக் கத்தியால் சுரண்டி மெல்லியதாக்க வேண்டும். கத்தி ஒரு மயிரளவு ஆழப் போனால் தட்டு போய்விடும். பழக இரண்டு வருடமானது. பிறகு அம்மைத் தழும்பு, மாறுகண், கிழிந்த சட்டைக் கழுத்து எல்லாவற்றையும் என்னால் இல்லாமல் செய்ய முடிந்தது.

ரீச்சர் அதிகம் பேசமாட்டார். யாரையும் சிரிக்கச் சொல்லமாட்டார். கமராவின் பின்கண்ணாடியில் ஆள் தலைகீழாகத் தெரிவதைப் பார்த்துச் சரிப்படுத்துவார். பின்பு துணிக்குள்ளிருந்து வெளியே வந்து, அமத்தினால் படம் விழும் ரப்பர் குமிழைக் கையில் வைத்துக்கொண்டு, வெறுங்கண்ணால் ஆளையே பார்த்தபடி நிற்பார். ஆள் தன்னை மறந்து மூச்சு விடும் அந்த நேரத்தில் குமிழ் அமுங்கும். அவர் கோபப்பட்டு நான் கண்டதில்லை. நான் ஒரு தட்டைக் கெடுத்துவிட்டால் அதை என் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்தத் தட்டு ஒரு கிழமை அங்கேயே கிடக்கும். அதற்குப் பதில் இரண்டு அடி அடித்திருக்கலாம்.

எங்களிடம் குழந்தைகளும் பெண்களும் வந்தார்கள். செத்த வீட்டுப் படங்களும் வந்தன. கலியாணங்கள் வரவில்லை. கலியாணத்துக்கு யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து ஆம்பிளை படக்காரரைக் கூப்பிட்டார்கள். கலியாணம் இல்லாமல் படக்கடை நிலைக்காது. கட்டடமோ ரீச்சருடைய கணவரின் தம்பி கபிரியேலுக்குச் சொந்தம். அவர் புகையிலை வியாபாரம் செய்தார். பண்டகசாலைக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்னர் ஒரு நாள் ரீச்சர் ஆங்கிலப் பத்திரிகையை விரித்து எனக்குத் தமிழில் வாசித்துச் சொன்னார். கொழும்பில் படமெடுப்போரின் சங்கம் ஒன்று போட்டி வைத்திருந்தது. இலங்கையில் சுதந்திரமாகத் திரியும் மிருகம் எதையும் எடுத்து அனுப்பலாம். மிருகம் உயிரோடு, தன் இடத்தில், தன் பாட்டில் நிற்க வேண்டும். கட்டியிருக்கவோ அடைத்திருக்கவோ கூடாது. படத்தோடு கண்ணாடித் தட்டையும் அனுப்ப வேண்டும். தட்டில் பென்சிலோ கத்தியோ பட்டிருக்கக் கூடாது. எடுத்தவர் பெயர் எழுதியிருக்க வேண்டும்.

"உதெல்லாம் யானை, சிறுத்தை பிடிக்கிற துரைமாருக்கு, ரீச்சர்" என்றேன்.

"நெடுந்தீவிலை ஆரும் வளர்க்காத குதிரை நிக்குது" என்றார் ரீச்சர்.

அந்தப் பேச்சு நடந்த கிழமையே கபிரியேல் வந்தார். கதிரையில் இருக்கவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மச்சாள், நான் பொல்லாதவன் இல்லை. அண்ணை செத்தாப் பிறகு நான் வாய் திறந்தனானோ? ஆனா இந்த வருசம் புகையிலை வைக்க எனக்கு இடம் இல்லை. இஞ்சை கலியாணம் ஒண்டும் வருகுதில்லை. நத்தார்ப் பெருநாளோடை கடையை விட்டுத் தாங்கோ."

"கொழும்பிலை ஒரு போட்டி இருக்குது" என்றார் ரீச்சர். "முடிவு நத்தாருக்கு முன்னம் வரும்."

கபிரியேல் யோசித்தார். "மெடல் ஒண்டு கண்ணாடி அலுமாரிக்குள்ளை தொங்கினா சனம் தானா வரும். அப்ப நான் வேறை இடம் பாக்கிறன். இல்லாட்டி என்னைக் குறை சொல்லாதேங்கோ."

அவர் போன பிறகு ரீச்சர் வழக்கம்போலத் தட்டுகளைத் துடைக்கத் தொடங்கினார். நான்தான் அன்று முழுவதும் பென்சிலைச் சீவிச் சீவி முறித்துக்கொண்டிருந்தேன்.

நெடுந்தீவிலிருந்து சவிரிமுத்து என்றொருவர் நெய் கொண்டுவந்து எங்கள் தெருவில் விற்பார். மாடு வளர்ப்பவர், நல்ல உயரம், பேச்சு மட்டும் மெல்லியது. குதிரைகளைப் பற்றி ரீச்சர் அவரிடம்தான் கேட்டார்.

"இப்ப வந்தால் பாக்கலாம், ரீச்சர் அம்மா. மழை இல்லை. பள்ளமெல்லாம் வத்திப்போச்சு. தெற்கு வெளியிலை ஒரு பள்ளத்திலைதான் தண்ணி கிடக்குது. மாடும் அங்கைதான், குதிரையும் அங்கைதான்."

தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று அடங்காத காலம். பாய் வள்ளத்தில் கமராப் பெட்டியை நானும் தட்டுப் பெட்டியை ரீச்சரும் மடியில் வைத்துக்கொண்டு போனோம். சவிரிமுத்து வீட்டில் தங்கினோம். அவர் மனைவி எங்களுக்கு ஒடியல் பிட்டும் தயிரும் தந்துவிட்டு, ஏற இறங்கப் பார்த்தார். குதிரையைப் படம் பிடிக்க இரண்டு பெண்கள் கடல் தாண்டி வந்திருப்பதை அவரால் நம்ப முடியவில்லை.

வெளி என்றால் வெறும் வெளி. மரம் இல்லை. காய்ந்த புல்லும் முருகைக் கல்லும்தான். நடுவில் அந்தப் பள்ளம். தண்ணீர் நடுப்பகுதிக்கு ஒடுங்கி, சுற்றிவர அகலமாகச் சேறு கிடந்தது. சேற்றின் மேற்பரப்பு காய்ந்து வெடித்து, நடக்கலாம் போலத் தெரியும். கால் வைத்தால் உள்ளே போகும்.

காற்று எங்கள் முகத்தில் படும் பக்கமாக, கல்லை அடுக்கி, பனை ஓலை சாத்தி ஒரு மறைப்பு கட்டினோம். முக்காலியைக் கல்லால் இறுக்கினோம். ரீச்சர் என்னைத் தண்ணீர்க் கரையில் போய் நிற்கச் சொல்லி, என் மேல் கமராவைச் சரிப்படுத்தினார். இப்போதைய பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தட்டு உறையைக் கமராவில் செருகியதும் பின்கண்ணாடி மறைந்துவிடும். அதன் பிறகு எதையும் பார்க்க முடியாது. மிருகம் நாம் குறித்து வைத்த இடத்துக்கு வர வேண்டும். உறையின் மூடியை இழுத்துவிட்டு, குமிழைப் பிடித்துக்கொண்டு, காத்திருக்க வேண்டும். அமத்திய பிறகு மூடியைத் திரும்பச் செருக வேண்டும். செருக மறந்தால் வெளிச்சம் பட்டு எல்லாம் போகும். ஓர் உறையில் முன்பக்கம் ஒரு தட்டு, பின்பக்கம் ஒரு தட்டு. நாங்கள் கொண்டுபோனது இரண்டே உறைகள். அதற்கு மேல் தட்டு வாங்க எங்களுக்கு வசதி இல்லை.

முதல் நாள் குதிரைகள் தூரத்தில் நின்று மணம் பிடித்துவிட்டுத் திரும்பிப் போயின. அடுத்த நாளும் அப்படியே. ஓலைக்குள் வெக்கை. தூசி கண்ணுக்குள். இருமல் வந்தால் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன். ரீச்சர் அசையவே இல்லை. சவிரிமுத்து எங்களுக்குப் பின்னால் குந்தியிருந்தார்.

அதற்கு அடுத்த நாள் காலை, வெயில் ஏறிய நேரத்தில் அவை வந்தன. முன்னால் ஒரு கறுத்த ஆண் குதிரை. பின்னால் செம்பட்டை நிறத்தில் ஏழெட்டு. விலா எலும்பு தெரிந்தது. ஒரு பெட்டையின் வயிற்றோடு ஒட்டியபடி ஒரு குட்டி. தாகம் பயத்தை வென்றுவிட்டது போலும், நேரே தண்ணீருக்கு வந்தன. ரீச்சர் குமிழை அமத்தினார். சத்தத்துக்கு ஆண் குதிரை தலையை நிமிர்த்தியது. ரீச்சர் மூச்சு விடாமல் உறையைத் திருப்பிச் செருகினார். இரண்டாவது தட்டையும் அமத்தினார். நான் மற்ற உறையை நீட்ட, அதைச் செருகி மூடியை இழுத்தார்.

அப்போதுதான் குட்டி சேற்றுக்குள் போனது.

தாய்க்கு முன்னால் போக அவசரப்பட்டிருக்க வேண்டும். முன்கால் இரண்டும் உள்ளே போயின. உதறியது. பின்காலும் போயிற்று. வயிறு வரை தாழ்ந்ததும் ஒரு சத்தம் போட்டது. கூட்டம் முழுவதும் திரும்பி ஓடியது. தூசிக்குள் ஒன்றும் தெரியவில்லை. தூசி அடங்கியபோது தாய் மட்டும் நின்றது. சேற்றுக் கரையில் இங்கும் அங்கும் ஓடியது. ஒரு கால் வைக்கும், இழுக்கும்.

"ரீச்சர், அது தாழுது" என்றேன்.

"தெரியும்."

அவருடைய கை குமிழில்தான் இருந்தது. தாய் குறித்த இடத்துக்கு வரவில்லை.

"சவிரிமுத்து அண்ணை, தானா ஏறுமோ?" என்று திரும்பாமலே கேட்டார்.

"ஏறாது, ரீச்சர் அம்மா. போன வருசமும் ஒண்டு இப்பிடித்தான். பின்னேரத்துக்கிடையிலை முடிஞ்சுது."

"நாங்கள் கிட்டப் போனால்?"

"தாய் உதைக்கும். ஒருவேளை ஓடும். சொல்ல ஏலாது."

ரீச்சர் எதை யோசித்தார் என்று எனக்குத் தெரியும், நானும் அதைத்தான் யோசித்தேன். நாங்கள் போய்த் தொட்டால் அது தன் பாட்டில் நிற்கும் மிருகமல்ல. வந்த காரியம் அதோடு முடிந்தது. கூட்டம் இன்றைக்கு இனி வராது, நாளைக்கும் வராது. சோளகம் கூடினால் வள்ளம் ஓடாது. கடை, நத்தார், கபிரியேலின் தொப்பி, என் அம்மா, எல்லாம் அந்த வெயிலில் என் கண்ணுக்கு முன்னால் நின்றன.

இரண்டு காகங்கள் வந்து சேற்றில் இறங்கின. ஒன்று தத்தித் தத்திக் குட்டியின் தலைக்குக் கிட்டப் போனது. குட்டி தலையை ஆட்டியது. காகம் பறந்து மறுபடி இறங்கியது. அது குட்டியின் கண்ணைக் கொத்தப் பார்க்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ரீச்சர் கறுப்புத் துணியை உதறி எறிந்தார்.

"அண்ணை, கயித்தை எடுங்கோ. பிலோமினா, நீர் இஞ்சை நில்லும். தாய் கிட்ட வந்து தலையைக் குனிஞ்சால் அமத்தும்."

"நானோ? ரீச்சர், நான் ஒருநாளும்..."

"வெறுங்கண்ணாலை பாரும். இழுக்காதையும், அமத்தும்."

சொல்லிக்கொண்டே ஓடினார். வெள்ளைச் சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு ரீச்சர் ஓடியதை நான் அன்றைக்கு மட்டும்தான் கண்டேன்.

சவிரிமுத்து தோளிலிருந்த மாட்டுக் கயிற்றைச் சுருக்குப் போட்டுக்கொண்டு சேற்றில் வயிற்றால் ஊர்ந்தார். தாய் அவரை நோக்கிப் பாய்ந்தது. கரையில் நின்று முன்னங்காலைத் தூக்கி அடித்தது. அடி அவருடைய தலைக்குச் சற்று அப்பால் விழுந்து சேறு தெறித்தது. "அண்ணை!" என்று கத்தினேன். அவர் முகத்தைச் சேற்றுக்குள் புதைத்துக்கொண்டு கிடந்தார். தாய் விலகியதும் கையை நீட்டிக் குட்டியின் வயிற்றுக்குக் கீழால் கயிற்றை விட்டு எடுத்தார். புரண்டு புரண்டு பின்னுக்கு வந்தார். இரண்டு பேரும் கயிற்றின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு எனக்கு இடப்பக்கமாக, கமராவுக்கு வெளியே, குதிகாலை ஊன்றி நின்றார்கள்.

"இழுங்கோ! விடாதேங்கோ! இழுங்கோ!" என்று சவிரிமுத்து கத்தினார்.

கயிறு விறைத்தது. குட்டி அசையவில்லை. மறுபடி இழுத்தார்கள். ஏதோ சப்பென்ற சத்தத்தோடு அதன் முதுகு மேலே வந்தது. அது பயத்தில் கத்தியது. நான் குமிழைப் பிடித்தபடி நின்றேன். என் கை நடுங்காது என்று ரீச்சர் சொன்னது பொய்யாகிவிடும் போலிருந்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

தாய் ஓடிவந்தது. கயிற்றுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றது. அந்த இரண்டு மனிதரும் அதற்கு நாலு ஆள் உயரத் தூரத்தில்தான் நின்றார்கள். அது அவர்களைப் பார்க்கவில்லை. விறைத்து நின்ற கயிற்றைப் பார்த்தது. பிறகு கழுத்தை நீட்டி, கயிறு போன வழியே பார்வையைக் கொண்டுபோய், குட்டியின் முதுகில் மூக்கை வைத்தது.

அமத்தினேன்.

பிறகு நடந்தது சட்டென்று நடந்தது. குட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. சவிரிமுத்து சுருக்கைத் தளர்த்திக் கயிற்றை உருவினார். இரண்டு பேரும் குனிந்தபடி மறைப்புக்குள் வந்து விழுந்தார்கள். குட்டி எழும்பி விழுந்து மறுபடி எழும்பியது. தாய் அதன் மேலிருந்த சேற்றை நக்கியது. தள்ளாடித் தள்ளாடி இரண்டும் வெளியைத் தாண்டிப் போயின.

ரீச்சருடைய முகத்தில் சேறு. ஒரு கை உரிந்து இரத்தம் கசிந்தது. மூச்சு வாங்கியபடி என்னிடம் கேட்டார்.

"அமத்தினீரோ?"

"ஓம், ரீச்சர்."

"மூடியைப் போட்டனீரோ?"

"ஓம்."

"சரி" என்றார்.

நான் பயந்தபடியே கூட்டம் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. காற்று கூடிக்கொண்டு வந்தது. இன்னும் நின்றால் நாட்கணக்கில் அகப்படுவோம் என்று வள்ளக்காரர் சொல்லிவிட்டார். திரும்பும் வழியில் வள்ளம் சரிந்து எழும்பியது. அலை மடியில் உடைந்தது. கமராவைப் பாய்த்துண்டால் சுற்றிவிட்டுத் தட்டுப் பெட்டியின் மேல் நான் குப்புறப் படுத்துக்கொண்டேன். கரைக்கு வந்து பார்த்தபோது பெட்டியின் அடிப்பாகம் ஈரம். ரீச்சர் எடுத்த இரண்டு தட்டுகளும் இருந்த உறை கீழே இருந்தது.

கடைக்குப் போனதும் இருட்டறையில் சிவப்பு விளக்கை ஏற்றினோம். ரீச்சர் தன் முதல் தட்டை மருந்தில் இட்டார். உப்புநீர் பட்ட இடத்தில் மேற்பூச்சு உரிந்து, ஈரத் தோலைப் போல நழுவிப் போனது. இரண்டாவதும் அப்படித்தான். ரீச்சர் இரண்டையும் எடுத்து வாளிக்குள் வைத்தார். அந்த இரண்டிலும் குதிரைக் கூட்டம் முழுவதும் நின்றது. போட்டிக்கு எந்தக் குறையும் சொல்ல முடியாத படங்கள்.

"உம்முடையதை நீரே கழுவும்" என்றார்.

தட்டு கிடந்த மருந்துத் தட்டத்தை மெல்ல ஆட்டினேன். முதலில் வானம் கறுத்தது. பிறகு கழுத்தின் வளைவு. பிறகு கண். நிலைப்படுத்தும் மருந்தில் தோய்த்து, தண்ணீரில் அலசி, வெளிச்சத்துக்குப் பிடித்தோம். தாயின் மூக்குத் துவாரம் விரிந்திருப்பதுகூடத் தெரிந்தது. குட்டியின் மயிரில் ஒட்டிய சேறு தெரிந்தது. இடப்பக்கக் கரையிலிருந்து குட்டியின் வயிறு வரை, ஒரு கறுத்த கோடாகக் கயிறும் தெரிந்தது.

தட்டிலிருந்து அச்சிட்ட படம் காய்ந்ததும் கபிரியேல் வந்து பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"மச்சாள், இது மெடல் வாங்கும்" என்றார். பிறகு பத்திரிகைத் துண்டை வாங்கி வாசித்தார். "கட்டியிருக்கக் கூடாதாம். இந்தக் கயிறு..." என்னைத் திரும்பிப் பார்த்தார். "அம்மைத் தழும்பையே எடுக்கிறனீர். ஒரு கயித்தை எடுக்க ஏலாதோ?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எங்களுக்கு ஒரு வழி காட்டுவதாகத்தான் நினைத்தார்.

"படம் பிலோமினா எடுத்தது. கத்தியும் அவவின்ரை கையிலைதான். அவவைத்தான் கேக்கவேணும்" என்றார் ரீச்சர். அந்நேரம் குழந்தையோடு ஒரு பெண் வர, அவர் முன்னறைக்குப் போய்விட்டார். கபிரியேலும் போய்விட்டார்.

நான் கெட்டுப்போன பழைய தட்டொன்றை எடுத்து, அதிலிருந்த ஒரு வேலிக் கம்பியைச் சுரண்டிப் பார்த்தேன். கச்சிதமாகப் போயிற்று. சரித்துப் பிடித்துப் பார்த்தேன், சுரண்டிய இடத்தில் பளபளப்பு இல்லை. கொழும்பில் எந்தத் துரை விளக்கில் பிடித்தாலும் கண்டுபிடிக்க மாட்டார். பிடிபடுவோம் என்ற பயம் அதோடு போய்விட்டது. பயம் போனபிறகுதான் உண்மையில் கஷ்டமாக இருந்தது.

குதிரைத் தட்டை மேசையில் வைத்தேன். வெளிச்சத்தைத் திருப்பினேன். கத்தியின் நுனியைக் கயிறு தொடங்கும் இடத்தில் வைத்தேன். முன்னறையில் குழந்தை அழுதது, ரீச்சர் கிலுகிலுப்பை ஆட்டும் சத்தம் கேட்டது. நத்தாருக்குப் பிறகு நான் எங்கே போவேன்? இந்த வேலைக்கு இந்தத் தீவுகளில் வேறு கடை இல்லை. அம்மாவிடம் என்ன சொல்வேன்? சுரண்டு, சுரண்டு என்று எனக்கு நானே சொன்னேன்.

தொடங்குமுன், எப்போதும் செய்வதுபோல, முடிந்தபின் படம் எப்படி இருக்கும் என்று மனத்தில் பார்த்தேன். கயிறு இல்லை. குட்டி தானாகச் சேற்றிலிருந்து எழும்புகிறது. தாய் குனிந்து எதையோ பார்க்கிறது. எதை? அதன் பார்வை நான் அழிக்கப்போகும் அந்தக் கோட்டின் மேல்தான் நின்றது. கயிற்றை எடுத்தால் அந்தக் கண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை. அது சும்மா ஒரு குதிரை, சும்மா ஒரு சேறு. உதைக்கு முன்னால் முகத்தைப் புதைத்துக் கிடந்த மனிதன், குதிகாலை ஊன்றி இழுத்த ரீச்சர், யாருமே அந்த இடத்தில் இல்லை.

ரீச்சர் கைதுடைத்துக்கொண்டு வந்தபோது கத்தி மேசையில் கிடந்தது. தட்டில் ஒரு கீறலும் இல்லை.

"என்ன?"

"கயித்தை எடுத்தா குதிரை எதைப் பாக்குது எண்டு தெரியாது, ரீச்சர்."

தட்டை எடுத்து யன்னலுக்கு நேரே பிடித்தார். இறக்கவே இல்லை.

"அப்ப கயித்தோடை அனுப்புவம்" என்றார் கடைசியில்.

"சேர்க்க மாட்டினம்."

"ஓம், சேர்க்க மாட்டினம்."

"பிறகு ஏன் அனுப்பவேணும்?"

"அவை பாக்கட்டும். பாத்திட்டு வேண்டாம் எண்டு சொல்லட்டும். பாக்காமலே நாங்கள் ஏன் ஒளிக்கவேணும்?"

எடுத்தவர் பெயர் என்ற இடத்தில் அவர் என் பெயரை எழுதினார். நீங்கள்தானே எல்லாம் வைத்துத் தந்தீர்கள் என்று நான் மறுத்தேன். "அமத்தினது ஆர்?" என்று கேட்டுவிட்டுக் கடித உறையை ஒட்டினார்.

மறுமொழி மார்கழி தொடக்கத்தில் வந்தது. மிருகம் கட்டப்பட்டிருப்பதால் படத்தைப் போட்டியில் சேர்க்க முடியாது, அவ்வளவுதான். தட்டையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பொதியைப் பிரித்தபோது இரண்டாக உடைந்த கண்ணாடி. தாய் ஒரு துண்டிலும் குட்டி ஒரு துண்டிலும் இருந்தன. நான் அழுதேன். ரீச்சர் துண்டுகளைப் பஞ்சில் சுற்றி வைத்துவிட்டு, பிறகு முதன்முதல் அச்சிட்ட படத்தைக் கொண்டுபோய்த் தெருவைப் பார்த்த கண்ணாடி அலுமாரிக்குள் மாட்டினார்.

நத்தாருக்கு முன் கபிரியேல் வந்து கேட்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. கடைப் பூட்டின் திறப்பைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். கபிரியேலுக்குத்தான் சங்கடம். எங்கள் சாமான்களை ஏற்ற அவருடைய வண்டிலையே அனுப்பினார். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தையற்காரர் தன் முன்னறையைத் தந்தார். தையல் இயந்திரம் ஒரு மூலை, கமரா ஒரு மூலை. என் மேசையைப் பின்வாசலில் போட்டோம். அந்த அலுமாரியையும் படத்தையும் வாசலில் வைத்தோம்.

கலியாணங்கள் உடனே வந்து குவியவில்லை. அடுத்த வருடம் சரவணைக் கிராமத்திலிருந்து ஒன்று வந்தது. பிறகு இன்னொன்று. பெண்ணின் தகப்பன், "குதிரைப்படக் கடை இதுவோ?" என்று கேட்டுக்கொண்டுதான் வந்தார். அப்படியே பெயர் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் நான் அங்கே வேலை செய்தேன். கமராவும் பிடித்தேன்.

சவிரிமுத்து அந்த வருட மழைக்காலம் முடிந்துதான் ஊர்காவற்றுறைக்கு வந்தார். நெய்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அலுமாரிக்கு முன்னால் நின்றார். ரீச்சர் வெளியே வந்தார்.

"என்னைக் காணேல்லை" என்றார் சவிரிமுத்து.

"கயித்தின்ரை அந்தத் தலைப்பிலை நிக்கிறீங்கள். நானும் அங்கைதான் நிக்கிறன்."

அவர் தலையாட்டினார். படத்தை விட்டுக் கண் எடுக்கவில்லை. நான் வாசலுக்கு வந்து, எனக்கு அத்தனை மாதமாக இருந்த கேள்வியைக் கேட்டேன்.

"அண்ணை, அந்தக் குட்டி இருக்குதோ?"

"மூண்டு குட்டி நிக்குது, தங்கச்சி. எல்லாம் வளந்திட்டுதுகள். எது எண்டு எனக்குத் தெரியேல்லை."

"கிட்டப் போய்ப் பாக்கேல்லையோ?" என்றார் ரீச்சர்.

"போனனான், ரீச்சர் அம்மா. எங்கை விடுதுகள்? ஆளைக் கண்டவுடனை மூண்டும் ஓடுதுகள்."

"மூண்டுமோ? கட்டின மிருகம் எண்டு கொழும்பார் சொன்னதுமோ?"

"ஓம். ஒண்டும் நிக்கிறேல்லை. பறக்குதுகள்."

ரீச்சர் சிரித்தார். அப்படி வாய்விட்டு அவர் சிரித்து நான் அதற்கு முன்னர் கேட்டதில்லை. தையற்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.